பட்டறைப் பக்கம்: இன்ஜின் கரிய வீட்லயே எடுக்கலாமா?

இந்த தடவை வந்த கேள்வில பாதி இன்ஜினுக்குள்ள படியற கரி பத்திதான். அதனால மத்தத அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதையே எடுத்துக்கறேன்.

கேள்வி: அண்ணே, என்கிட்ட 2018 மாடல் பிஎஸ்4 (அரசாங்கத்தோட புகைக் கட்டுப்பாட்டு தரம்) பிக்கப் இருக்கு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து கேரளாவுக்கு காய்கறி லோடு அடிக்கறேன். கொஞ்ச நாளா குமுளி மேடு ஏறுறப்ப இழுவையே இல்ல, பின்னாடி கரும்புகையா தள்ளுது. மெக்கானிக் பாத்துட்டு இன்ஜின் பூரா கரி, இறக்கி பிரிச்சு சுத்தம் பண்ணணும்னு சொல்லிட்டார். யூடியூப்ல ஒருத்தர் இன்ஜின ஓடவிட்டுட்டே காத்து குழாய்ல ஸ்ப்ரே அடிச்சு சுத்தம் பண்றார். நானே வீட்ல பண்ணிக்கலாமா?
- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: தம்பி, அந்த ஸ்ப்ரே வேலைய மட்டும் செய்யாதீங்க. பெட்ரோல் வண்டிக்கு பண்றத பாத்துட்டு டீசலுக்கு பண்றாங்க. டீசல் இன்ஜின் காத்தோட சேந்து எரியற பொருள் எது வந்தாலும் அதையே டீசலா எடுத்துக்கும், ஸ்ப்ரே கொஞ்சம் அதிகமா போச்சுன்னா ஆர்பிஎம் (இன்ஜின் சுத்தற வேகம்) தானா ஏறிட்டே போகும், சாவிய ஆஃப் பண்ணினாக்கூட நிக்காது. திரவமாவே உள்ள தேங்கிச்சுன்னா இன்னும் மோசம், பிஸ்டனால அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். 400 ரூவா டப்பாவுல லட்ச ரூவா செலவு.

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். இறக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் யோசிங்க, கரும்புகைன்னா டீசலுக்கு தேவையான காத்து பத்தல, இல்ல டீசல் சரியா தூளா தெறிக்கல, இந்த ரெண்டுல ஒண்ணு. கரி அதோட விளைவா வந்தது. அதனால மொதல்ல ஏர் ஃபில்டர் பாருங்க, மார்க்கெட் தூசில ஓடுற வண்டிக்கு புக்ல போட்ட கிலோமீட்டர் எல்லாம் தாங்காது. அடுத்து இன்ஜினுக்கு காத்த அமுக்கி அனுப்பற டர்போவுல இருந்து, அந்த காத்த குளிர வைக்கற இன்டர்கூலருக்கு போற ஹோஸ், அதோட அடிப்பக்கம் கைய விட்டு தடவிப் பாருங்க, வெடிப்பு இருந்தா லோடுல காத்து வெளிய போயிடும், வீட்ல ரேஸ் குடுத்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கிளாம்ப் லூசா இருந்தே பாதி பேரு இன்ஜின இறக்கியிருக்காங்க.

அது ரெண்டும் சரியா இருந்தா என் சந்தேகம் இ.ஜி.ஆர் வால்வு மேலதான். சைலன்சருக்கு போற புகைல கொஞ்சத்த திருப்பி இன்ஜினுக்குள்ளயே விடுற வால்வு அது. ஐடிலிங்லயும் லேசான லோடுலயும் தொறக்கும், முழு லோடுல மூடிக்கணும். புகைல வர்ற கரியும் இன்ஜின்ல இருந்து வர்ற ஆயில் ஆவியும் கலந்து தார் மாதிரி ஒட்டி வால்வு மூடாம நின்னுடுச்சுன்னா மேட்டுல நல்ல காத்துக்கு பதிலா புகைதான் உள்ள போகும். நீங்க சொல்ற அடையாளம் அப்படியே பொருந்துது.

இத வீட்ல செய்யலாம், ஸ்பேனர் புடிச்ச கை இருந்தா போதும். இன்ஜின் நல்லா ஆறட்டும், பேட்டரி நெகடிவ் கழட்டுங்க, எந்த ஒயர் எங்க இருந்துச்சுன்னு போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. வால்வுக்கு அடில வர்ற புது பேக்கிங் (கேஸ்கெட்) முன்னாடியே வாங்கி வைங்க, பழசையே திருப்பி போட்டா புகை கசியும். வால்வ கழட்டினதும் கரி இருக்கற பக்கம் மட்டும் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் பண்ற ஸ்ப்ரே) அடிச்சு ஊறவிட்டு பழைய டூத் பிரஷ்ல தேயுங்க. மோட்டர், ஒயர் சாக்கெட் இருக்கற பக்கம் நனையவே கூடாது, மொத்தமா மண்ணெண்ணெய்ல முக்கி வைக்கறவங்கள பாத்திருக்கேன், அப்புறம் புது வால்வுதான். ஸ்க்ரூ டிரைவர் வெச்சு வால்வு உக்கார்ற இடத்த சொரண்டாதீங்க, கீறல் விழுந்தா மறுபடி மூடாது.

இன்டேக் மானிஃபோல்டுலயும், அதாவது காத்த ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு விடற குழாய்லயும், கரி தடிச்சு கெடக்கும். அத வண்டிலயே வெச்சு சொரண்டினா கட்டி ஒண்ணு இன்ஜின் வால்வுக்குள்ள விழும், அதனால கழட்ட தெரிஞ்சா கழட்டி வெளிய வெச்சு பண்ணுங்க, ஹெட் (சிலிண்டருக்கு மேல இருக்கற மூடி) பக்கம் இருக்கற ஓட்டைல பனியன் வேஸ்ட் அடைச்சு வைங்க, எத்தன துணி வெச்சீங்களோ அத்தனையும் வெளிய வந்துச்சான்னு எண்ணிப் பாருங்க. கழட்ட தெரியலன்னா அந்த வேலைய மட்டும் பட்டறைல குடுங்க. மானிஃபோல்டுல காத்தோட அழுத்தத்த அளக்கற பூஸ்ட் சென்சார் முனைய கான்டாக்ட் கிளீனர் அடிச்சு காய விட்டா போதும், குச்சி விட்டு குடையாதீங்க. எல்லாம் மாட்டினதும் சில வண்டிக்கு ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கற கோளாற படிக்கற மெஷின்) வெச்சு எரர் அழிச்சு வால்வ செட் பண்ண வேண்டியிருக்கும்.

இன்னொண்ணு, காஞ்ச கரிய கம்ப்ரசர் காத்து அடிச்சு ஊதாதீங்க. டீசல் புகைய உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012லயே புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் பிரிவுல சேத்துடுச்சு, அதோட தூளத்தான் நீங்க மூஞ்சிக்கு நேரா ஊதிக்கறீங்க. ஈரமாவே துடைங்க, கிளவுஸ் மாஸ்க் போடுங்க, வீட்டுக்குள்ள வேண்டாம், பக்கத்துல பீடி சிகரெட் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு பண்ணியும் புகை நிக்கலன்னா டீசல தூளா தெறிக்கற நாசில கழட்டி டீசல் பம்ப் சர்வீஸ் கடைல டெஸ்ட் பண்ணுங்க. காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பிரஷர் பைப்ல டீசல் வர்ற புது டைப்) நாசில் ஓட்டை ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு சைஸ்ல இருக்கும், வீட்ல கம்பி பிரஷ் போட்டு தேச்சா அதோட கதை முடிஞ்சுது. இன்ஜின் ஓடறப்ப அந்த பிரஷர் பைப்ப லூஸ் பண்ணவும் கூடாது, உள்ள பிரஷர் லோடுல ஆயிரம் பாருக்கு (பார்ங்கறது அழுத்தத்த அளக்கற அளவு) மேல கூட போகும், தோல கிழிச்சுட்டு டீசல் உள்ள போயிடும்.

கேள்வி: டீசல் டேங்க்ல ஊத்தற கிளீனர் இருக்கே, அத ஊத்தினா கரி தானா போயிடாதா? எங்க ஊர்ல ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் கலந்தாலே போதும்ங்கறாங்க.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: டேங்க்ல ஊத்தறது டீசல் போற வழிலதான் போகும். நாசில் முனைல லேசா படிஞ்சத எடுக்க நல்ல கிளீனர் உதவும், ஆனா இ.ஜி.ஆருக்கும் மானிஃபோல்டுக்கும் டீசல் போறதே இல்ல, அங்க இருக்கற கரிய அது எப்படி தொடும்? மண்ணெண்ணெய் வேண்டாம். பம்புக்கு டீசல்தான் எண்ணெய், மண்ணெண்ணெய்ல அந்த வழவழப்பு கெடையாது, பம்பு தேஞ்சு இரும்புத்தூள் நாசில் வரைக்கும் போகும். ஹைட்ரஜன் மெஷின் வெச்சு கரி எடுக்கறோம்னு போர்டு வெச்சிருக்காங்களே அதையும் ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க, தார் மாதிரி தடிச்சு ஒட்டின கரிக்கு அத நம்பி நான் காசு குடுக்க மாட்டேன்.

கேள்வி: ஐயா, எங்கள்து பழைய லோக்கல் லாரி, பம்பு நாசில் எல்லாம் பழைய டைப். ஹெட்ட இறக்கி வீட்லயே கரி எடுக்கப் போறோம், எங்கப்பா அந்த காலத்துல இப்படித்தான் பண்ணுவார். காஸ்டிக் சோடால ஊறவெச்சா சீக்கிரம் போகும்னு சொல்றாங்க, சரியா?
- ஒரு வாசகி, சங்ககிரி

பதில்: அம்மா, உங்க அப்பா செஞ்சது சரியான வேலைதான், இந்த மாதிரி வண்டிக்கு இன்னிக்கும் அதுதான் முழுசா கரி எடுக்கற வழி. ஆனா காஸ்டிக் சோடா அலுமினியத்த தின்னுடும். பிஸ்டன், இன்டேக் மானிஃபோல்டு, டர்போவோட காத்துப் பக்க மூடி எல்லாம் பெரும்பாலும் அலுமினியம், போட்டா நுரைச்சுக்கிட்டு ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்துல நெருப்பு இருந்தா வெடிக்கும். கண்ணுல ஒரு துளி தெறிச்சாலும் பார்வையே போகலாம். அதுக்கு பதிலா ஒரு ராத்திரி மண்ணெண்ணெய்ல ஊறவெச்சா கரி கொஞ்சம் இளகும்.

பிஸ்டன மேல கொண்டு வந்து, ஓரத்துல சுத்தி கொஞ்சம் கிரீஸ் வைங்க, உதிர்ற கரி அதுல ஒட்டிக்கும். மத்த சிலிண்டர்ல துணி அடைங்க. மரத்துண்டு இல்ல பித்தளை தகடு வெச்சு சொரண்டுங்க, இரும்பு வேண்டாம். வால்வுக்கெல்லாம் நம்பர் போட்டு வெச்சு அததோட சீட்லயே திருப்பி போடுங்க. வால்வ சீட்ல வெச்சு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு தேச்சதும், வால்வ மாட்டி போர்ட்ல (வால்வுக்கு பின்னாடி காத்து போற வழி) மண்ணெண்ணெய் ஊத்தி பாருங்க, கசியலன்னா உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். ஹெட் போல்ட்ட டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) இல்லாம முறுக்காதீங்க, வாடகைக்காவது வாங்குங்க.

அப்புறம் பம்ப்ப யாராவது ஏத்தி வெச்சிருக்காங்களான்னு கேட்டு பாருங்க. இழுவைக்குன்னு டீசல கூட்டி வெச்ச லாரில எத்தன தடவை கரி எடுத்தாலும் மறுபடி சேரும். லோடு ஏத்தற வரைக்கும் ஏசி கூட இல்லாத வண்டிய எதுக்கு மணிக்கணக்கா ஐடிலிங்ல விடறாங்கன்னு எனக்கு இன்னிக்கும் புரியல, கரி சேர்ற முக்கியமான எடம் அதுதான்.

கேள்வி: பிஎஸ்6 வண்டி, டிபிஎஃப் (சைலன்சர் பாதைல கரிய புடிச்சு வைக்கற ஃபில்டர்) லைட் எரியுது. கழட்டி பிரஷர் வாட்டர் அடிச்சு கழுவலாமா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: கழுவாதீங்க. உள்ள இருக்கறது செராமிக், அதுமேல விலை உயர்ந்த உலோக பூச்சு, பிரஷர்ல தண்ணி அடிச்சா கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த இந்த வண்டிங்க சேர்ற கரிய தானே எரிச்சுக்கும், கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேணும், அவ்வளவுதான். லோக்கல்லயே உருட்டிட்டு இருந்தா அந்த சூடு வராது. லைட் மட்டும் எரிஞ்சா பைபாஸ்ல கியர கொஞ்சம் கீழ வெச்சு ஆர்பிஎம் ஏத்தி ஒரு 20 நிமிஷம் நிக்காம ஓட்டிப் பாருங்க. அணையலன்னா, உங்க வண்டில கரி எரிக்கற சுவிட்ச் இருந்தா புக்ல சொன்னபடி வண்டிய நிறுத்தி அத போட்டு எரிக்க விடுங்க, வைக்கோல், காஞ்ச புல்லு, பெட்ரோல் பங்க் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. அதுக்கும் அடங்காம பவர் கொறைஞ்சா ஓட்டாதீங்க, சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் வெச்சு பண்ணட்டும். ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் மட்டும் எரியாது, அதுக்கு மெஷின் கிளீனிங்தான், அது சீக்கிரம் சேரக் கூடாதுன்னா புக்ல போட்டிருக்கற கிரேடு ஆயிலே ஊத்துங்க, கடைக்காரர் குடுக்கற பழைய கிரேடு வேண்டாம்.