பேரிடர் நேர நெட்வொர்க்: என்ன படிப்பது, எங்கே வேலை?

கேள்வி: மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். தீயணைப்பு, ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வெள்ளத்திலும் அறுந்துபோகாத நெட்வொர்க் அமைக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். இப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா?
- ஒரு தாய், வேளச்சேரி

பதில்: இருக்கிறதம்மா. ஆனால் அந்தப் பெயரில் பட்டப்படிப்பைத் தேடி அலையாதீர்கள். பளபளப்பான பெயரோடு புதுப் பிரிவு எதையாவது காட்டினால், பாடத்திட்டத்தை வாங்கி கம்யூனிகேஷன், நெட்வொர்க்கிங் தாள்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். என்னைக் கேட்டால் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எடுக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் கிடைத்தாலும் கெட்டுப்போகாது, ரேடியோ பக்கத்தை மட்டும் அவள் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த வேலை என்னவென்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் பகுதியில் போன்கள் ஊமையானதற்கு டவர் சரிந்தது காரணமில்லை. மின்சாரம் போனது, பேட்டரி தீர்ந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழியில்லை. அடுத்த ஆண்டு வர்தா புயலில் விழுந்த மரங்கள் தொங்கிக்கொண்டிருந்த கேபிள்களையும் இழுத்துப்போட்டன. 2023 மிக்ஜாம் சமயத்தில், ஒரு கம்பெனி டவர் படுத்துவிட்டால் அதன் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி டவரில் பேசலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு அடியிலும் ஒரு பாடம்.

இணையத்தில் ஒரு வழி அடைபட்டால் தகவல் வேறு வழியாகப் போய்விடும் என்பார்கள். வேறு வழி என்று ஒன்று நிஜமாக இருந்தால் போகும். ஒரு கட்டுப்பாட்டு அறைக்கு இரண்டு கம்பெனிகளிடம் ஃபைபர் இணைப்பு வாங்கியிருப்பார்கள். இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் கிடந்தால்? வடிகாலுக்குத் தோண்ட வரும் ஒரு ஜே.சி.பி. இரண்டையும் சேர்த்தே அறுத்துவிட்டுப் போகும். கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது, ரவுட்டருக்கு மின்சாரம் எங்கிருந்து, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், எல்லாம் போனால் சாட்டிலைட் இணைப்பு உண்டா என்று நோண்டிக் கேட்கிறவர்தான் இந்தத் துறைக்குத் தேவை. உங்கள் மகளுக்கு அந்தக் குடைச்சல் குணம் இருக்கிறதா? இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

உலகமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. அவசரப் பணியாளர்கள் வாக்கி-டாக்கி போலப் பொத்தானை அழுத்தி 4ஜியில் பேசுவதற்கான தரவிதிகள் 2016-லேயே வந்துவிட்டன. அமெரிக்காவில் 2012-ல் சட்டம் போட்டு, பேரிடரில் முதலில் களமிறங்கும் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ்காரர்களுக்கென்றே ஃபர்ஸ்ட்நெட் என்ற நெட்வொர்க்கை உருவாக்கினார்கள்.

வேலை என்று வந்தால், அரசில் சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையம், மத்திய அரசின் போலீஸ் வயர்லெஸ் இயக்குநரகம், தமிழகக் காவல்துறையின் தொழில்நுட்ப எஸ்.ஐ. பணி ஆகியவை உண்டு. 2023-ல் எல்லார் போனிலும் அலறியதே சோதனை எச்சரிக்கை, அது சி-டாட் கைவேலை. இடங்கள் குறைவு, அறிவிப்பும் வருடாவருடம் வராது. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். தொலைபேசி கம்பெனிகள், கருவி தயாரிப்பாளர்கள், நெட்வொர்க் ஒப்பந்த நிறுவனங்களில் நான்கைந்து வருடம் கை பழகினால் எங்கேயும் மதிப்புண்டு. தொடக்கச் சம்பளம் சாஃப்ட்வேருக்குப் போன தோழியைவிடக் குறைவாக இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் இரவு ஷிப்டும் வரும். இதை இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள்.

அப்புறம், கல்லூரி திறக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஹாம் வானொலி, அதாவது ஆர்வத்துக்காகச் சொந்த ரேடியோ கருவியில் பேசுவதற்கான உரிமத் தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள்; 12 வயது ஆனாலே எழுதலாம், தொடக்க நிலைக்கு மோர்ஸ் என்ற புள்ளி-கோடு சங்கேத முறை தேவையில்லை. 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பி உதவியவர்களில் போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழுவும் உண்டு.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும் முன் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய்ப் பாருங்கள். முதல்வர் அறையில் அதிக நேரம் உட்காராமல் கம்யூனிகேஷன் லேப் எங்கே என்று கேளுங்கள். வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்களை ரவுட்டர், ஆன்டெனாவைத் தொட விடுகிறார்களா என்று அங்கிருக்கும் லேப் உதவியாளரிடமே கேட்டுவிடுங்கள்.