கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: சிவகாசியில் சிறிய ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆறு கம்ப்யூட்டர்கள். கணக்கு டேலியில், டிசைன் கோரல் டிராவில். எங்களுக்கு வேலை தரும் ஒரு பிரஸ்ஸில் எல்லா ஃபைல்களும் பூட்டிக்கொண்டு, பிட்காயினில் பணம் கேட்டு மிரட்டல் வந்துவிட்டது. எங்களிடம் ஆன்டிவைரஸ் உண்டு. மெயின் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் தினமும் இரவு தானாகவே பேக்கப் ஆகிவிடும். இது போதுமா? நாங்கள் தயாராக இருக்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: போதாது. காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: "செருகியிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் இந்த வகை நிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். அது உள்ளே வந்ததும் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும் எல்லா டிரைவையும் பூட்டும். உள் டிஸ்க், செருகிய டிஸ்க், நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டர் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களையும் முதல் வேலையாக அழித்துவிடும் வகைகள் நிறைய. கூகுள் டிரைவ் இருக்கிறதே என்பீர்கள். பூட்டப்பட்ட ஃபைல்தான் அங்கேயும் போய் உட்காரும். பழைய பதிப்பை மீட்கலாம், ஆனால் அதற்கும் 30 நாள் கெடு உண்டு.

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று பிரஸ்ஸில், மற்றது உங்கள் வீட்டில். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பேக்கப் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், அதுதான் முக்கியம். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். படங்களை இழந்தால் பிழைப்பு போய்விடும் தொழில். உங்கள் தொழிலும் அப்படித்தானே?

கழற்றி வைப்பதன் அருமைக்கு ஒரு சம்பவம். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற, ரான்சம்வேர் வேடமிட்ட அழிப்பு நிரல், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் நெட்வொர்க்கை உலகம் முழுக்கச் சாய்த்தது. யார் எந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்ற விவரம் வைத்திருந்த சர்வர்கள் எல்லாம் போயின. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! பெரிய கம்பெனியைக் காப்பாற்றியது பவர் கட்.

சரி, தயார்நிலைக்கு வருவோம். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, 2021-ல் இதற்கென்றே ஒரு சுயமதிப்பீட்டுக் கருவியை இலவசமாக வெளியிட்டது. ஆறு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. நான் சர்வீஸுக்குப் போகும் கடைகளில் சொல்வது வேறு. வேலை குறைவான ஒரு நாள் மெயின் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். அது செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு லேப்டாப்பை எடுத்து, பேக்கப் டிஸ்க்கை மட்டும் வைத்து ஒரு பில் போடுங்கள், போன வருடத்து டிசைன் ஒன்றைத் திறங்கள். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதி வையுங்கள்.

பெரும்பாலும் எங்கே நிற்கும், தெரியுமா? டேலி லைசென்ஸில். சீரியல் நம்பர் யாருக்கும் நினைவிருக்காது. அன்லாக் கீ போகும் மெயில் ஐடி, எப்போதோ விற்றுக்கொடுத்த டீலர் பெயரில் இருக்கும். அதைத் தாண்டினால் ஃபான்ட். கோரல் ஃபைல் பத்திரமாக இருக்கும். திறந்தால் கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்கள் இல்லாமல் அந்த ஃபைலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஃபான்ட் ஃபோல்டரைப் பேக்கப்பில் சேர்த்தவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். லைசென்ஸ் விவரம், பாஸ்வேர்டுகள், சர்வீஸ் ஆட்களின் போன் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் கையால் எழுதி பீரோவில் இருக்கட்டும். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

அப்புறம் வாசல்கள். அக்கவுன்டன்ட் வீட்டிலிருந்து வேலை பார்க்க ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் திறந்து விட்டிருக்கிறீர்களா? 3389 போர்ட் என்று உங்கள் நெட் ஆளிடம் கேட்டால் புரியும். முதலில் அதை மூடச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கில் நிரந்தர பாஸ்வேர்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். எல்லோரும் அட்மின் கணக்கில் வேலை பார்ப்பதையும் நிறுத்துங்கள்.

பிளேட் எடுக்கும் சிடிபி மெஷினோடு வந்த கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறதா? 2020 ஜனவரியிலேயே அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரோடு சரி. மெஷின் சாஃப்ட்வேர் புதிய விண்டோஸில் ஓடாது என்றால், அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டே வேண்டாம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் ஊர் ஊராகப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கோரல், காசு கொடுக்காமல் லைசென்ஸ் பூட்டை உடைத்துப் போட்டதா, அதாவது கிராக் செய்ததா? கிராக்கோடு வரும் குறிப்பே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்றுதான் தொடங்கும். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கேள்வி: கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டால் ஃபைல்கள் திரும்ப வந்துவிடுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: உத்தரவாதம் எதுவும் இல்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் 44 லட்சம் டாலர் கொடுத்தது. கிடைத்த மீட்புக் கருவி ஆமை வேகத்தில் ஓடியதால் சொந்த பேக்கப்பையும் நம்ப வேண்டியதாயிற்று. பூட்டப்பட்ட ஃபைல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள், அம்மா. 2016-ல் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு தொடங்கிய "நோ மோர் ரான்சம்" தளத்தில் பல வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி பின்னால் வரலாம்.

கேள்வி: மாட்டிக்கொண்டால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: சொல்வதற்கு முன் கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம். மிரட்டல் திரையை மொபைலில் படம் எடுங்கள். பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்து சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. வாட்ஸ்அப்பில் "ஃபைலை மீட்டுத் தருகிறேன்" என்று தானாக வருபவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.