முதல் வகைச் சர்க்கரை நோய் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் டீச்சரிடம் என்ன சொல்லணும்?

கோபி பக்கம் நாலாவது படிக்கிற பாப்பா, எடை 30 கிலோ, திங்கட்கிழமையிலிருந்து பள்ளி வேனில் போறாள்னு கேட்டிருக்கீங்க. டீச்சருக்கு நோயின் வரலாறெல்லாம் வேண்டாங்க. சர்க்கரை இறங்கினால் என்ன செய்யணும் என்பது மட்டும் மனசில் பதியணும். மத்ததை உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கலாம், இதுக்கு அந்த அவகாசம் கிடையாது.

ரத்தச் சர்க்கரை மீட்டரில் 70க்குக் (mg/dL) கீழே வந்தால் இறக்கம். திடீர்னு வேர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் அழுவாள், எழுத்து கோணிக்கிட்டுப் போகும். மீட்டர் பக்கத்தில் இல்லைன்னா சந்தேகம் வந்ததுமே குளுக்கோஸ் பொடி கொடுக்கச் சொல்லுங்க. பெரியவங்களுக்குச் சொல்லும் 15 கிராம் இவளுக்கு அதிகம். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.3 கிராம், ஆக 9 கிராம். தராசில் நிறுத்து, 9 கிராம் பொட்டலங்களாகக் கட்டிக் கொடுங்க. அரை டம்ளர் தண்ணியில் கலக்கிக் குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சும் 70 தாண்டலைன்னா இன்னொன்று. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

பொட்டலம் ஹெச்.எம். ரூம் பீரோவில் இருந்தால் பிரயோஜனமில்லைங்க. வகுப்பு மேசையில் ஒண்ணு, பையில் ஒண்ணு, வேனில் ஒண்ணு. இறங்கியிருக்கும்போது குழந்தையைத் தனியா எங்கேயும் நடக்க விடக்கூடாது. மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊத்தாமல், ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்குக் கூப்பிடணும்.

காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடுறவளா இருந்தால் இதைக் கவனிங்க. வீட்டில் சாப்பாட்டு ஊசி (சாப்பாட்டுக்காகப் போடும் இன்சுலின்) போட்டு அனுப்பி, பள்ளியில் உப்புமா வரத் தாமதமானால் பிரேயரிலேயே சர்க்கரை இறங்கிடும். ஊசி போட்டால் வீட்டிலேயே சாப்பிட வெச்சு அனுப்புங்க, இல்லாட்டி ஊசியும் சாப்பாடும் பள்ளியிலேயே நடக்கட்டும். விளையாட்டு பீரியடுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கணும். 90க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் குடிச்சுட்டுத்தான் ஓடணும்.

இன்சுலின் பேனாவைச் சூடான டிபன் பாக்ஸோடு ஒரே பையில் போடாதீங்க. 30 டிகிரிக்கு மேல் போனால் மருந்து கெட ஆரம்பிக்கும், நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்கு வேன் ஜன்னலோரமே போதும். மாம்பழம் தின்ன கையோடு குத்திப் பார்த்தால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். கழுவித் துடைச்ச பிறகுதான் பார்க்கணும்.

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை உடம்புக்கு நல்லதுன்னு சத்துணவு ஆயா பாசத்தில் கொடுப்பாங்க. வெள்ளைச் சர்க்கரை மாதிரியே அதுவும் ஏத்தும்னு அவங்களுக்கும் சொல்லிடுங்க.

சர்க்கரை ஏறின நாளில் அடிக்கடி தண்ணி தவிக்கும், ஒண்ணுக்கு வரும். கேட்காமலே போக விடணும். வாந்தியும் வயித்து வலியும் சேர்ந்து வந்தால் சாப்பாடு ஒத்துக்கலைன்னு விட்டுடாமல், சர்க்கரையும் கீட்டோனும் (இன்சுலின் பத்தாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்த்து அன்னிக்கே டாக்டரிடம் போகணும்.

இத்தனையையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, ரெண்டு போன் நம்பரோடு கொடுங்க. ஒரு நகல் வேன் டிரைவருக்கு. இன்னொன்று மேசைக் கண்ணாடிக்கு அடியில். வகுப்பு டீச்சர் லீவில் இருக்கும் நாளில் வர்றவங்களுக்கு அதுதான் ஆதாரம்.