ஆதாமும் பரிணாமமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

களியக்காவிளை அருகே ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். ஞாயிறு காலை எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளியும் நடத்துகிறேன். இரண்டு இடத்திலும் என்னிடம் படிக்கும் ஒரு பையன், "டீச்சர், பரிணாமம் உண்மைன்னா ஆதியாகமம் பொய்யா?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். பாறசாலைப் பக்கம் ஒரு கன்வென்ஷனில் பேசிய பிரசங்கியாரோ, டார்வினை ஏற்பவன் கிறிஸ்தவனே அல்ல என்கிறார். பையனிடம் என்ன சொல்லட்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

இரண்டும் உண்மை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பிரசங்கியார் சொல்வது ஆதி சபையின் ஒருமித்த போதனை அல்ல. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததாகச் சொல்லும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது. அப்படியானால் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் ஏது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார். வானத்தையும் பூமியையும் பற்றி விவரம் தெரிந்த பிறர் முன்னால் வேதத்தின் பெயரால் உளறி, வேதத்தையே கேலிக்கு ஆளாக்காதீர்கள் என்று ஆதி சபையின் ஆயர் அகுஸ்தீன் கடிந்து எழுதினார். டார்வினின் நூல் வந்தது 1859-இல். அமெரிக்காவில் அவருக்காக வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே ஒரு பிரஸ்பிட்டேரியன் விசுவாசி. கத்தோலிக்கத் திருச்சபையில் 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் முந்தைய உயிரிலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைத்தான் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்றார்.

139-ஆம் சங்கீதத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருப்பீர்கள். 'பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டேன்' என்று ஞாயிறு சொல்ல வைத்துவிட்டு, திங்களன்று கருமுட்டை பிளந்து பிளந்து கருவாவதைப் போர்டில் வரைகிறீர்கள். கடவுள் என்னை உண்டாக்கவில்லை, செல்பிரிவுதான் உண்டாக்கியது என்று எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. ஒரு குழந்தை விஷயத்தில் ஏற்பதை மனித இனத்தின் விஷயத்திலும் ஏற்கலாம்.

உண்மையான சிக்கல் ஆறு நாளில் இல்லை, ஆதாமில் இருக்கிறது. ஒரே மனுஷனால் பாவமும், பாவத்தால் மரணமும் உலகத்தில் வந்தன என்கிறது பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். மரபியலோ, இன்றைய மனிதர்களிடம் உள்ள இத்தனை வேறுபாடும் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் ஒரே தம்பதியிடமிருந்து வந்திருக்க முடியாது, நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த கூட்டம் என்கிறது. மனிதன் வருமுன்பே உயிர்கள் செத்ததற்குப் புதைபடிவங்கள் சாட்சி. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு தம்பதியைக் கடவுள் தமக்கென்று அழைத்தார், அவர்களே ஆதாமும் ஏவாளும் என்பார்கள் சிலர். வேறு சிலருக்கு ஆதாம் மனிதகுலம் முழுவதற்கும் உருவகம். பவுல் பேசும் மரணமும் அவர்களுக்குக் கடவுளைப் பிரிந்த நிலைதான். என் மனம் இந்த இரண்டாவது பக்கம்தான். பழத்தைத் தின்றதும் ஆதாம் மரங்களுக்குள் ஒளிகிறான், பிடிபட்டதும் மனைவியைக் கைகாட்டுகிறான். அவனை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் முதல் பதிலை நம்புகிற நல்ல விசுவாசிகளும் உண்டு. பையனிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

பிரசங்கியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் பையனை இனியும் காக்க வைக்காதீர்கள். கல்லூரிக்குப் போனபின், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று நம்பிச் சபையை விட்டே போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.