பனிக்காலக் கராஜும் பழைய காரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, கார் வேலை செய்யும் இடத்தின் குளிரையும் ஈரத்தையும் பற்றியவை. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் கனடாவில், எட்மன்டன் நகரில் வேலை செய்கிறான். வீட்டோடு ஒட்டிய, இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜில் 1970-களின் டாட்சன் கார் ஒன்றைப் பிரித்துப் போட்டுச் சீரமைத்து வருகிறான். டிசம்பர் வந்துவிட்டால் விரல் மரத்துப்போய் ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை என்கிறான். இங்கிருந்து ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அவனுடைய நண்பர்களோ கேஸ் சிலிண்டரில் எரியும் ஹீட்டர்தான் மலிவு, சூடும் அதிகம் என்கிறார்களாம். எதை வாங்குவது? (ஈசூன் வாசகர்)

பதில்: ஐயா, இரண்டையும் வாங்க வேண்டாம். ஹீட்டர் என்பது இந்த வேலையில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன் அந்தக் கராஜ் சூட்டை எங்கெங்கே விடுகிறது என்பதை உங்கள் மகன் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மில் பலர் அத்தகைய கராஜை உள்ளே நின்று பார்த்திருக்க மாட்டோம். ஏறக்குறைய 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், கான்கிரீட் தரை, முன்பக்கம் முழுவதும் மேலே சுருண்டோ மடிந்தோ ஏறும் ஒரு பெரிய கதவு. இந்தக் கதவுதான் முதல் ஓட்டை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி, உள்ளே 15 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 சதுர மீட்டர் பரப்புள்ள வெறும் இரும்புத்தகட்டுக் கதவு வழியாக மட்டும் ஏறத்தாழ 1,800 வாட் சூடு ஓயாமல் வெளியேறும். கனடாவில் சாதாரண பிளக்கில் செருகும் ஹீட்டரின் உச்ச அளவே 1,500 வாட்தான். அதாவது, அந்த ஹீட்டர் தரும் சூடு முழுவதையும் கதவு ஒன்றே தின்றுவிடும். மகனுடைய விரலுக்கு ஒன்றும் மிஞ்சாது. கதவின் உட்புறத்தில் 5 சென்டிமீட்டர் நுரைப்பலகை பதித்தால் இந்த இழப்பு கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

கதவைவிடப் பெரிய இழப்பு கூரையில் உண்டு. சூடான காற்று மேலே செல்வதால், 36 சதுர மீட்டர் உட்கூரையின் மேல் பஞ்சு எதுவும் போடப்படாமல் வெறும் ஜிப்சம் பலகை மட்டும் இருந்தால் 3 கிலோவாட்டுக்கு மேல் அந்த வழியே போய்விடும். கண்ணாடி இழைப் பஞ்சை 20 சென்டிமீட்டர் கனத்துக்கு விரித்தால் அது 200 வாட் அளவுக்கு வந்துவிடுகிறது. செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் இந்த அளவு பலன் தரும் வேலை கராஜில் வேறொன்றும் இல்லை. அடுத்தது இடுக்குகள். கதவின் அடியில் உள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பக்கவாட்டிலும் காற்றுத் தடுப்புப் பட்டை ஒட்ட வேண்டும். உள்ளிருக்கும் காற்று முழுவதும் மணிக்கு ஒருமுறை மாறினாலே 900 வாட் கணக்கில் போய்விடுகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நுரைப்பலகை ஏற்றினால் கதவின் எடை கூடும். அந்த எடையைத் தாங்கும் சுருள்வில்லைத் திருத்த வேண்டியிருக்கும். முறுக்கேறிய அந்த வில்லில் கையை உடைக்கும் வலு இருப்பதால் அந்த ஒரு வேலையை மட்டும் அதற்கென்று உள்ளவரிடம் விட்டுவிட வேண்டும். இரண்டாவது, நுரைப்பலகை தீப்பற்றக்கூடியது. வெல்டிங் பொறியும் கிரைண்டர் பொறியும் பறக்கும் இடத்தில் சுவரில் பதித்த நுரையைத் திறந்தபடி விடாமல் ஜிப்சம் பலகையால் மூடிவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஹீட்டருக்கு வருவோம். இங்கிருந்து அனுப்பும் ஹீட்டர் 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. அங்கே சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட். மின்னழுத்தம் ஏறக்குறைய பாதியாகும்போது சூடு கால் பங்காகிவிடுவதால், உங்கள் 2,000 வாட் ஹீட்டர் அங்கே 540 வாட் அளவுக்கே சூடு தரும். ஆனால் அங்குள்ள வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்காக 240 வோல்ட் இணைப்பும் உண்டு. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கராஜுக்குத் தனியாக ஓர் இணைப்பு இழுத்து, உட்கூரையில் தொங்கவிடும் 5 கிலோவாட் ஹீட்டரை அங்கேயே வாங்கிப் பொருத்தினால், மேலே சொன்ன அடைப்பு வேலைகள் செய்த கராஜுக்கு அது பெரும்பாலான நாள்களில் போதும். உங்கள் பணத்தை அந்த இணைப்புக்கு அனுப்புங்கள்.

சிலிண்டர் ஹீட்டரைப் பற்றி நான் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புகைக்குழாய் இல்லாமல் அறைக்குள்ளேயே எரியும் எந்த ஹீட்டரும் இரண்டு பொருள்களை அறைக்குள் விடுகிறது. ஒன்று நீராவி. 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகிறது. 9 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறக்குறைய 15 லிட்டர் நீர் காற்றில் கலந்திருக்கும். அது எங்கே போய்ப் படியும் என்று நினைக்கிறீர்கள்? குளிர்ந்து கிடக்கும் இரும்பின் மீதுதான். பல ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் என் உறவினர் வீட்டுக் கராஜில் ஒரு மாலை முழுவதும் அப்படிப்பட்ட ஹீட்டரை எரியவிட்டு, புதிதாகத் துளை தீட்டிய எஞ்சின் சிலிண்டர் பிளாக் ஒன்றைத் துணி போர்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் துளைகளின் உட்சுவர் முழுவதும் செம்மஞ்சள் நிறத்தில் துரு பூத்திருந்தது. எண்ணெய் தடவாமல் விட்ட என் தவறும் அதில் உண்டு. ஆனால் நீர் வந்தது ஹீட்டரிலிருந்துதான்.

இரண்டாவது பொருள் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, களைப்பு, குமட்டல் என்று தொடங்கும்போது வேலை அலுப்பு என்றே மனிதர் நினைப்பார். அடைத்து அடைத்துக் காற்றுப் புகாமல் செய்த கராஜில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. கராஜ் வீட்டோடு ஒட்டியிருப்பதால் உள்ளே தூங்குகிறவர்களுக்கும் அது பொருந்தும். அதே காரணத்தால், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் கூடாது. மின்சார ஹீட்டர்தான் வைத்திருக்கிறார் என்றாலும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வீட்டுக்குள் படுக்கையறை அருகே பொருத்தச் சொல்லுங்கள். கேஸ்தான் வேண்டும் என்றால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து குழாய் வழியாக இழுத்து, புகையையும் வெளியே விடும் மூடிய வகை ஹீட்டர்கள் உள்ளன. எட்மன்டனில் வீடுகளுக்கு இயற்கை எரிவாயு வருவதால் அது நல்ல ஏற்பாடு. உரிமம் பெற்றவர் பொருத்த வேண்டும்.

பெட்ரோலையும் மறக்கக்கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியாகிறது. ஆகையால் குளிர் காக்கும் என்று நம்ப இடமில்லை. தீப்பொறி தரக்கூடிய சாதனங்களைக் கராஜ் தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும் என்ற விதி வட அமெரிக்காவில் இதனால்தான் ஏற்பட்டது. கார்புரேட்டரையோ எரிபொருள் தொட்டியையோ கழற்றும் நாளில் ஹீட்டரை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு, குளிரைப் பொறுத்துக்கொண்டு அந்த வேலையை முடிப்பதே முறை.

இன்னும் ஒன்று. வார இறுதியில் மட்டும் ஹீட்டரைப் போடலாம் என்று மகன் நினைத்தால், தரையைக் கணக்கில் கொள்ளச் சொல்லுங்கள். 10 சென்டிமீட்டர் கனமுள்ள அந்தக் கான்கிரீட் எட்டு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதை ஒரு டிகிரி சூடேற்றவே ஏறத்தாழ 2 கிலோவாட்மணி மின்சாரம் தேவை. முற்றிலும் உறைந்த தரையைச் சனிக்கிழமை காலையில் மீட்டெடுக்க முடியாது. வாரம் முழுவதும் 5 டிகிரியில் வைத்திருந்து, வேலை செய்யும் நாளில் 15 டிகிரிக்கு ஏற்றுவது கைக்கும் நல்லது, கருவிக்கும் நல்லது. நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று இருந்தால் பாதி குளிர் காலிலேயே நின்றுவிடும்.

கேள்வி: அடுத்த மாதம் வேலை மாறிக் கனடா செல்கிறேன். இங்கே என் காரின் சிறு வேலைகளை நானே செய்து பழகியவன். அங்கே என் பழக்கங்களில் எதையாவது மாற்றிக்கொள்ள வேண்டுமா? (செங்காங் வாசகர்)

பதில்: ரேடியேட்டரில் குழாய் நீரை ஊற்றும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள். இங்கே அதனால் துருவும் உப்புப்படிவும் மட்டுமே வரும். அங்கே எஞ்சினே போய்விடும். நீர் உறையும்போது 9 விழுக்காடு பெருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக் அதைத் தாங்காமல் வெடிக்கும். எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் நீரும் சரிபாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

பேட்டரியைச் சார்ஜ் இறங்கவிடாதீர்கள். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி கடுங்குளிரிலும் உறையாது. சார்ஜ் தீர்ந்ததோ பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரியிலேயே உறைந்து உடைந்துவிடலாம். எஞ்சின் எண்ணெயில் இங்கு பலர் ஊற்றும் 20டபிள்யூ வகை (டபிள்யூவுக்கு முன் உள்ள எண் சிறிதானால் குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும்) அங்கே தேன்போல் கெட்டியாகிவிடும். 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ என்று தொடங்கும் வகைகளில் கார் கையேடு சொல்வதை வாங்குங்கள். நீரில் கரையும் பெயின்ட், பசை, துப்புரவு நீர்மங்கள் ஆகியவற்றைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். பெட்ரோலை மட்டும் ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: சிராங்கூன் கார்டன்சில் தரைவீட்டில் இருக்கிறோம். என் தந்தையின் பழைய காரை முகப்புக் கொட்டகையில் வைத்துச் சீரமைக்கிறேன். மழைக்காலத்தில் கருவிகளெல்லாம் துருப்பிடிக்கின்றன. சென்ற டிசம்பரில் அடித்த பெயின்ட் வெளுத்து மங்கிவிட்டது. இங்கும் ஹீட்டர் வைப்பதில் பொருள் உண்டா? (சிராங்கூன் வாசகர்)

பதில்: உண்டு. ஆனால் கொட்டகைக்கு அல்ல, கருவிப் பெட்டிக்கு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நீடிக்கிறது. 2018 ஜனவரியில் வெப்பநிலை 22 டிகிரிக்குக் கீழேகூட இறங்கியது நினைவிருக்கலாம். குளிர் நமக்குச் சிக்கலில்லை. காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுவதுதான் சிக்கல். இரும்பு 60 விழுக்காட்டுக்கு மேல் விரைந்து துருப்பிடிக்கத் தொடங்குகிறது. 25 டிகிரியில் 90 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடேற்றினால், ஒரு சொட்டு நீரைக்கூட எடுக்காமலே ஈரப்பதம் 67 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். பியானோவுக்குள் வைக்கும் சிறு சூட்டுத்தண்டு போன்ற ஒன்றை, நன்றாக மூடக்கூடிய இரும்பு அலமாரியின் அடியில் வைத்து, கருவிகளின் மேல் மெல்ல எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மூடிய அறைக்கே உதவும். திறந்த கொட்டகையில் அதை வைத்தால் தீவின் காற்று முழுவதையும் உலர்த்த முயல்வதாகும். காரைப் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கி மூடுவதும் தவறு. ஈரம் உள்ளேயே சிறைப்படும். காற்று நுழையும் துணி உறை வாங்குங்கள்.

பெயின்ட் வெளுத்ததற்கு வருவோம். குளிர்சாதனக் கடைத்தொகுதியிலிருந்து தெருவுக்கு வந்தவுடன் மூக்குக்கண்ணாடி பனிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் தகட்டின் மேல் இருந்திருக்கும். பெயின்ட்டின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பை மேலும் குளிரவைக்கும். பெயின்ட் அடிக்கும் தகட்டின் வெப்பநிலை, காற்றின் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது எட்மன்டனுக்கும் சிராங்கூனுக்கும் பொதுவான விதி. மழைநாள் காலையில் 26 டிகிரி, ஈரப்பதம் 90 என்றால் பனிநிலை 24 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். இடைவெளி 2 டிகிரிகூட இல்லை. மழையில்லாத பிற்பகலில் 31 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் இடைவெளி 6 டிகிரியாகிறது. அப்போதும் காற்று சூடாவதைவிடத் தகடு மெதுவாகவே சூடாகும் என்பதால், மலிவான அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைத் தகட்டின்மேல் காட்டி அளந்து பார்த்த பிறகே பெயின்ட் துப்பாக்கியைக் கையில் எடுங்கள்.