போர்வைக்குள் சுற்றி வைத்த துப்பாக்கி

தன் பழைய வாழ்க்கையை மறைத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தொட மனமில்லாமல் வாழ முயலும் ஒருவனைப் பற்றிய வெஸ்டர்ன் படங்களில், அதாவது அமெரிக்க மேற்குப் பகுதியின் குதிரைவீரர்-துப்பாக்கிக் கதைகளில், எது சிறந்தது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் 1953-இல் வெளிவந்த ‘ஷேன்’. ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கி, ஆலன் லாட் நடித்த படம். இதே கருவில் வந்த வேறு நல்ல படங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் துப்பாக்கியை எடுக்கத் தயங்கும் மனிதனின் தயக்கத்துக்கு உண்மையான காரணத்தைப் பார்ப்பவருக்கு உணர்த்திய படம் இது ஒன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லூரி நாட்களில் முதன்முறை இதைப் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிச் சண்டைகளை எதிர்பார்த்து உட்கார்ந்த எனக்கு, பாதிப் படத்தைத் தாண்டிய பிறகுதான் முதல் மனிதன் சுடப்பட்டுச் சாகிறான் என்பது பெரிய ஏமாற்றமாக இருந்தது. அந்தத் தாமதத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது என்று விளங்க எனக்கு இன்னும் பத்து ஆண்டுகளும் இரண்டாவது முறை பார்ப்பதும் தேவைப்பட்டன.

கதை வயோமிங்கில் நடக்கிறது. படத்துக்கு மூலமான ஜாக் ஷேஃபரின் நாவல் 1889-ஆம் ஆண்டுக் கோடையில் தொடங்குகிறது. அமெரிக்க அரசு 1862-இல் கொண்டுவந்த குடியேற்ற நிலச் சட்டத்தின்படி, ஒரு குடும்பம் 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்தால் அந்த நிலம் அதற்கே சொந்தமாகும். அப்படி வந்து வேலி போட்டவர்களுக்கும், அதற்கு முன்பே வந்து அதே வெளிகளில் தங்கள் மாட்டு மந்தைகளைத் தடையின்றி மேய்த்துவந்த பெரும் பண்ணைக்காரர்களுக்கும் இடையே மூண்ட பகைதான் இக்கதையின் களம். இது கற்பனைப் பகை அன்று. 1892-இல் வயோமிங்கின் ஜான்சன் கவுண்டியில் பண்ணை முதலாளிகள் டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து, கடைசியில் ராணுவம் வந்து தலையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. படத்தில் பண்ணை முதலாளியின் பெயர் ரைக்கர். குடியேறிகளுக்குத் தலைவர் போல இருப்பவர் ஜோ ஸ்டாரெட். அவருடைய மனைவி மேரியன், மகன் ஜோயி. இவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் ஒரு நாள், மான்தோல் உடையும் இடுப்பில் துப்பாக்கியுமாக, எங்கிருந்தோ ஒருவன் குதிரையில் வருகிறான்.

அந்த வருகைக் காட்சியை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். வந்தவன் தண்ணீர் கேட்டுக் குடிக்கிறான், மரியாதையாகப் பேசுகிறான். அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன் ஜோயி, விளையாட்டாகத் தன் கையிலிருக்கும் சிறிய துப்பாக்கியின் விசையை இழுக்கிறான். ‘கிளிக்’ என்று ஒரே ஒரு சிறு சத்தம். அடுத்த கணம் அந்த அமைதியான மனிதன் சட்டென்று சுழன்று திரும்புகிறான். கை இடுப்புத் துப்பாக்கியின் மேல் இருக்கிறது. முகம் முற்றிலும் வேறொருவனுடைய முகமாக மாறியிருக்கிறது. நிற்பது ஒரு சிறுவன் என்று தெரிந்ததும் அந்த முகம் மெதுவாகத் தளர்கிறது. அவன் யார், எத்தனை பேரைக் கொன்றான், எதிலிருந்து ஓடிவருகிறான் என்று படம் கடைசிவரை ஒரு சொல் கூடச் சொல்வதில்லை. ‘ஷேன் என்று கூப்பிடுங்கள்’ என்கிறான். அது இயற்பெயரா குடும்பப் பெயரா என்பது கூடத் தெரியாது. வாய் மறைத்ததையெல்லாம் அந்த ஒரு நொடியில் கை சொல்லிவிட்டது. கடந்த காலத்தை மறைக்கும் நாயகனை வைத்துப் படம் எடுப்பவர்கள் பலரும் பாதியில் ஒரு நீண்ட முன்கதையைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் விளக்கிவிடுவார்கள். இங்கே அந்த விளக்கமே கிடையாது. அது இல்லாததால்தான் பார்க்கும் நாம் அவனுடைய ஒவ்வோர் அசைவையும் துப்பறிவது போலக் கவனித்துக்கொண்டே இருக்கிறோம்.

ஷேன் அங்கேயே வேலைக்குச் சேர்கிறான். ஸ்டாரெட் நெடுநாளாகப் போராடியும் அசைக்க முடியாத ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டையை இருவரும் சேர்ந்து கோடரியால் வெட்டிச் சாய்க்கும் காட்சியில், ஒரு கூலியாளாக வியர்வை சிந்துவதில் அவனுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி நமக்கும் தொற்றிக்கொள்கிறது. மான்தோல் உடையைக் கழற்றிவிட்டுக் கடையில் வேலைக்காரன் உடுப்பு வாங்கி அணிகிறான். துப்பாக்கியைப் போர்வைக்குள் சுற்றி வைக்கிறான். அதே நாளில் ஜோயிக்காகச் சோடா வாங்க மதுக்கடைக்குள் போனவனை, ரைக்கரின் ஆட்களில் ஒருவன் கேலி செய்து, அவன் புதுச் சட்டையின் மேல் விஸ்கியை ஊற்றுகிறான். ஷேன் ஒன்றும் செய்யாமல் சோடாப் புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். அவன் கோழை என்று மற்றக் குடியேறிகள் பேசுகிறார்கள். இரவு மழையில் வெளியே நின்றபடி, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ‘நீங்கள் பயப்படவில்லை என்று எனக்குத் தெரியும்’ என்னும் சிறுவனுக்கு அவன் தரும் பதில், ‘அது பெரிய கதை ஜோயி’ என்பது மட்டும்தான். தன்னைப் பற்றி அவன் அதிகபட்சமாகச் சொல்வது அவ்வளவே. அவன் போன பிறகு மேரியன் மகனிடம், ஷேனிடம் ரொம்பவும் ஒட்டிக்கொள்ளாதே, அவர் ஒரு நாள் போய்விடுவார் என்கிறாள். அதை அவள் தனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறாள் என்பதை, மேரியனாக நடித்த ஜீன் ஆர்தரின் குரல் தெளிவாகக் காட்டிவிடுகிறது. அவர் நடித்த கடைசித் திரைப்படம் இது. ஷேனுக்கும் அவளுக்கும் இடையில் இருக்கும் அன்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் கணவர் உட்பட அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். மறைக்கப்படும் பொருள் இந்தப் படத்தில் ஒன்றுக்கு மேல் உண்டு.

இனி, நான் முதலில் சொன்ன அந்தக் காரணத்துக்கு வருகிறேன். போருக்கு முன்பு ஸ்டீவன்ஸ் நகைச்சுவைப் படங்களும் நடனப் படங்களும் சாகசப் படங்களும் எடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்று ஐரோப்பா சென்றார். நார்மண்டித் தரையிறக்கத்தைப் படம் பிடித்தார். 1945-இல் ஜெர்மனியில் நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமுக்குள் போய் அங்கே கண்டதையும் பதிவு செய்தார். அத்தகைய காட்சிகள் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் சான்றாகக் காட்டப்பட்டன. உண்மையான பிணங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அந்த மனிதரால், ஒரு குண்டு பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சாய்வதை இனி எடுக்க முடியவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

டோரி என்னும் குடியேறியின் சாவு அதற்குச் சாட்சி. எலீஷா குக் நடித்திருக்கும் இந்த டோரி, கோபமும் வீம்பும் நிறைந்த, உருவத்தில் சிறிய மனிதன். ரைக்கர் கூலிக்கு அழைத்துவந்த கொலைகாரன் வில்சனாக ஜாக் பாலன்ஸ். மழை பெய்து ஓய்ந்த தெரு முழுக்கச் சேறு. வில்சன் கடையின் மரத்திண்ணையில் காய்ந்த பலகைமேல் நடக்கிறான். டோரி கீழே சேற்றில் வழுக்கி வழுக்கி அவனுக்கு ஈடுகொடுத்து நடக்கிறான். திண்ணையின் உயரத்தாலேயே ஒருவன் ஏற்கெனவே வென்றுவிட்டான். வில்சன் நிதானமாக வலது கையில் கறுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, அமெரிக்கத் தென்மாநிலத்தவரான டோரி போற்றும், உள்நாட்டுப் போரில் தெற்குக்காகப் போரிட்ட தளபதிகளை இழிவாகப் பேசுகிறான். டோரியின் துப்பாக்கி உறையிலிருந்து பாதி வெளியே வருவதற்குள் வில்சனின் துப்பாக்கி நீட்டியபடி காத்திருக்கிறது. அவன் உடனே சுடுவதில்லை. டோரிக்குத் தான் செத்துவிட்டோம் என்று புரிவதற்கு ஒரு கணம் தருகிறான். பிறகு பீரங்கி போல ஒரு சத்தம். டோரி கயிறு கட்டி இழுத்தது போலப் பின்னால் வீசப்பட்டுச் சேற்றில் விழுகிறான். உண்மையிலேயே நடிகரைக் கம்பியில் கட்டிப் பின்னால் இழுத்துத்தான் அதை எடுத்தார்கள். அந்த வெடிச் சத்தத்தையும் ஸ்டீவன்ஸ் வேண்டுமென்றே பெரிதாக்கி வைத்திருந்தார். விழுந்தவனை அவன் நண்பன் சேற்றோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, ஷேன் ஏன் விஸ்கியைச் சட்டையில் வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பினான் என்பது எந்த வசனமும் இல்லாமல் விளங்கிவிடுகிறது. அவனுக்கு இந்தச் சேறு முன்பே தெரியும்.

அதைவிட அடக்கச் சடங்குக் காட்சி என்னைக் கலங்கடித்தது. மேட்டின்மேல் இடுகாடு, கீழே நகரத்தின் நாலைந்து மரக்கட்டடங்கள், பின்னணியில் பனி மூடிய டீட்டன் மலைகள். ஒருவர் மவுத் ஆர்கனில் தெற்கத்தியரின் பாட்டை மெதுவாக வாசிக்கிறார். டோரியின் நாய் சவப்பெட்டியைக் காலால் பிராண்டுகிறது. சிறு பிள்ளைகள் சாவின் பொருள் தெரியாமல் ஒரு குதிரையோடு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குண்டுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று இத்தனை பொறுமையாகக் காட்டிய வேறொரு வெஸ்டர்ன் படம் என் நினைவில் இல்லை. 1951-இல் வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் எடுத்த இக்காட்சிகளுக்காக லாயல் கிரிக்ஸ் வண்ண ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பெற்றார்; ஆறு பரிந்துரைகளில் படத்துக்குக் கிடைத்த ஒரே விருது அது. படம் பழைய சதுர வடிவச் சட்டத்துக்காக எடுக்கப்பட்டது. வெளியீட்டின்போது அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். ஆகவே, முடிந்தால் வெட்டப்படாத வடிவத்தைத் தேடிப் பாருங்கள்.

எனக்கு இந்தப் படத்தின்மேல் குறையும் உண்டு. ரைக்கர் ஒரு காட்சியில், தான் வெறும் வில்லன் அல்ல என்று நாம் எண்ணும்படி, இந்த நாட்டை உருவாக்கியவர்கள் நாங்கள்தான், அம்பு பட்டு ரத்தம் சிந்தியவர்கள் நாங்கள்தான் என்று ஸ்டாரெட்டிடம் வாதாடுகிறார். எமில் மேயர் அதை மிகவும் நேர்மையாக நடித்திருக்கிறார். பகைவனுக்கும் ஒரு நியாயம் கொடுத்த கதாசிரியரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அம்பை எய்தவர்கள் யார், அவர்களுடைய நிலம் எப்படிப் போயிற்று என்பதற்குப் படத்தில் ஒரு முகம்கூட இல்லை. மேய்ச்சல்காரரும் குடியேறியும் வழக்காடும் அந்த மண்ணுக்கு முதலில் உரியவர்கள் காட்சிக்கே வராதது இன்று பார்க்கும்போது உறுத்துகிறது.

துப்பாக்கியைப் பற்றி ஷேனும் மேரியனும் பேசும் இடத்தையும் சொல்ல வேண்டும். அவன் ஜோயிக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதை அவள் பார்த்துவிடுகிறாள். கோடரி, மண்வெட்டி போலத் துப்பாக்கியும் ஒரு கருவிதான், அதைக் கையாளும் மனிதனைப் பொறுத்தே அதன் நன்மை தீமை என்கிறான் ஷேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு துப்பாக்கிகூட இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது, உங்களுடையதும் சேர்த்துத்தான் என்கிறாள் மேரியன். பலர் இந்த இடத்தில் ஷேனின் வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் படத்தின் முடிவில் ஷேன் சொல்வது மேரியனின் வாசகத்தைத்தான். ஸ்டாரெட் ரைக்கரைச் சந்திக்கப் போனால் செத்துவிடுவார் என்று தெரிந்து, அவரைத் துப்பாக்கியால் தலையில் அடித்து வீழ்த்திவிட்டு, மீண்டும் மான்தோல் உடை அணிந்து ஷேன் தனியாகப் போகிறான். வில்சனையும் ரைக்கரையும் சுட்டுவிட்டு, மாடியிலிருந்து சுட்ட ரைக்கரின் தம்பியையும் வீழ்த்திவிட்டு வெளியே வந்து, பின்னாலேயே ஓடிவந்திருக்கும் ஜோயியிடம், கொலை செய்தவன் அதோடு வாழவும் முடியாது, அதிலிருந்து திரும்பவும் முடியாது, சரியோ தவறோ அது சூடு போட்ட முத்திரை, அழியாது என்கிறான். மாட்டுக்குச் சூடு போடும் ஊரில் பேசப்படும் வாக்கியம் அது. அங்கே நிற்பவனுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பிறகு, அம்மாவிடம் போய்ச் சொல், இனி இந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கிகள் இல்லை என்று சொல்லி அனுப்புகிறான். அவனுடைய துப்பாக்கியையும் சேர்த்துத்தான் சொல்கிறான். அதனால்தான் அவன் அங்கே தங்க முடியாது.

அவன் குதிரைமேல் செத்துப் போய்விட்டானா என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. சிறுவன் அவன்மேல் ரத்தத்தைப் பார்க்கிறான். அதற்கு மேல் படம் எதையும் உறுதி செய்வதில்லை. நானும் அவனைச் சாகடிக்க விரும்பவில்லை. ஜோயி இருட்டில் நின்று, அப்பாவுக்கு உங்களால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன, அம்மாவுக்கு நீங்கள் வேண்டும், திரும்பி வாருங்கள் என்று கத்திக்கொண்டே இருக்கிறான். அந்தக் குரல் மலைகளில் மோதித் திரும்புகிறது. ஷேன் திரும்பிப் பார்க்காமல், டோரியைப் புதைத்த அதே இடுகாட்டின் சிலுவைகளுக்கு நடுவே மெதுவாக மேடேறிப் போகிறான்.