கடலோர மனையும் பத்திரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: துபாயில் பணிபுரிகிறேன். பாம்பன் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்ட பின் உச்சிப்புளிப் பக்கம் நிலத்தின் விலை ஏறும் என்கிறார் தரகர். கடலிலிருந்து 150 மீட்டரில் 10 செண்ட் காட்டினார். மனைப்பிரிவுக்கு ஊராட்சி அனுமதி மட்டுமே உள்ளது. புஞ்சையாகவே பத்திரம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். ஐந்தாண்டு கழித்து விற்க எண்ணம். வாங்கலாமா? – வாசகர், கீழக்கரை

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். ஊராட்சித் தலைவரின் முத்திரையால் ஒரு தோட்டம் மனைப்பிரிவு ஆகிவிடாது. அதற்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத இடத்தை மனையாகப் பதிய, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது, 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தத் தடையைத் தாண்டத்தான் தரகர் புஞ்சை என்ற வழியைச் சொல்கிறார். ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை (பரம்பரைச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்). ஆக, மனை என்றால் பதிவு நடக்காது, புஞ்சை என்றால் உங்களுக்கு உரிமை இல்லை.

இந்தச் சிக்கல் தீர்ந்தாலும் கடல் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய வீடு கட்ட இயலாது. 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் முதலான பாரம்பரியக் கடலோர மக்களின் குடியிருப்புக்குச் சலுகை உண்டு. முதலீட்டாளருக்கு அது பொருந்தாது. 2019 அறிவிக்கை இந்த எல்லையை 50 மீட்டராகக் குறைத்தது உண்மைதான். ஆனால் அது சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளுக்கு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே அத்தனை பேரை எங்கே தேடுவது? வீடு கட்ட முடியாத இடத்தை ஐந்தாண்டு கழித்து உங்களிடமிருந்து யார் வாங்குவார் என்பதையும் தரகரிடமே கேளுங்கள்.

முறையான மனையே அமைந்தாலும், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என வாங்கும் நாளிலேயே 9 சதவீதம் போய்விடும். விற்கும்போது நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரியும் உண்டு. இவற்றோடு, நம் கரையில் நிலத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது தண்ணீர். வைகாசியில் போய்ப் பக்கத்துக் கிணற்று நீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுவதே நல்லது.

கேள்வி: இராமநாதபுரத்தில் 45 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது, மாத வாடகை 9,000 ரூபாய் கிடைக்கிறது. முதலீடாக வாங்கலாமா? – வாசகர், பரமக்குடி

பதில்: ஆண்டு வாடகை 1,08,000 ரூபாய், அதாவது போட்ட முதலீட்டில் 2.4 சதவீதம், சொத்துவரி, வெள்ளையடிப்பு, ஆள் இல்லாத மாதங்கள் ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். வீட்டுக்கடனின் வட்டிக்குக்கூட இது போதாது. நீங்களே குடியிருப்பதாக இருந்தால் கணக்கு வேறு. அப்போதும் கூரையின் அடிப்பகுதியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று பார்ப்பதோடு, எந்தத் தண்ணீரில் கட்டினார்கள் என்றும் விசாரியுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உப்புநீர் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் கட்டிய வீட்டில் கம்பி உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கேள்வி: வீட்டின் உரிமையாளர் மலேசியாவில் இருக்கிறார், அவருடைய தம்பி பவர் பத்திரத்தை வைத்து விற்கிறார். நம்பலாமா? – வாசகி, தொண்டி

பதில்: பவர் பத்திரம் தம்பியைச் சொத்துக்கு உரிமையாளராக்காது, அண்ணன் சார்பில் கிரயம் எழுதித்தரும் அதிகாரம் மட்டுமே. அண்ணன் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். எனவே அவரிடம் காணொலியில் நேரடியாகப் பேசிவிடுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர், இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பணத்தை அண்ணனின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். வீடு தந்தை வழியில் வந்ததென்றால் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, மணமாகிப் போன சகோதரிகளின் பெயர் அதில் இருக்கிறதா, அவர்களும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள். நம் பக்கத்து வழக்குகளில் பாதி அந்தக் கையெழுத்து இல்லாததால் வந்தவையே.